ஆர்த்திபோனித் வாய்க்காலில் ஒரு கடைமடைக்காரன்

1

இந்த வருடம் ஜனவரி முதல் தேதி காலையில் வில்னேர் எங்கள் வீட்டுக்குப் பரங்கிக்காய் சூப் கொண்டுவந்தார். தூக்குவாளி நிறைய சூப், மேலே சுத்தமான துணி கட்டியிருந்தது. வில்னேர் எனக்குப் பக்கத்து வீடு. இந்த ஊர் வாய்க்காலின் கடைசியில் அவருக்குக் கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது. வாய்க்கால் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

ஹைட்டியில் புத்தாண்டுதான் சுதந்திர நாள். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பர்கள் பிரெஞ்சுப் படையை அடித்து விரட்டிவிட்டு, இருநூறு வருடத்துக்கு முன்னால் இதே தேதியில், எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கொனாயிவ் நகரத்தில் வைத்துத் தனி நாடு என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னால் இந்த சூப்பைச் சமைத்தவர்கள் அவர்கள், குடித்தவர்கள் முதலாளிகள். அதனால் இன்றைக்கு இந்த நாட்டில் எந்த வீட்டிலும் இந்த சூப் இல்லாமல் வருடம் பிறக்காது. என் மனைவி ஸ்டெல்லா அதில் கொஞ்சம் மிளகுத்தூளைத் தூவிக்கொள்வாள்.

மற்ற வருடங்களில் சூப் அவர் மனைவி கையில் வரும். இந்த முறை அவரே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். சும்மா வந்தேன் என்று சொல்கிற யாரையும் நான் நம்புவதில்லை. பாதி சூப்பைக் குடித்து முடித்தேன்.

"ஒரு உதவிங்க" என்றார் கடைசியில். "மதகோட கைப்பிடி உங்க வீட்ல இருக்கட்டும். நடவு முடியற வரைக்கும்."

2

எங்கள் ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லாரும், "அங்கே சண்டையாமே, இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்" என்றுதான் கேட்கிறார்கள். டிவியில் காட்டுவது தலைநகரம். நான் இருப்பது ஆர்த்திபோனித் சமவெளி. மேலே ஒரு அணை, நடுவில் ஆறு, ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், இரண்டு பக்கமும் நெல். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் திருவெண்காட்டுப் பக்கம் மாதிரி இருக்கும். நன்றாகத் திறந்து பார்த்தால் சுற்றிலும் மொட்டை மலை தெரியும்.

எனக்குச் சீர்காழிக்குக் கிழக்கே, பூம்புகாருக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர். கடைமடை. அதாவது குடகில் புறப்பட்ட காவிரி, வழியில் எல்லாரும் குடித்து, குளித்து, பாய்ச்சி முடித்த பிறகு, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். கடைமடையில் பிறந்தவனுக்கு யாரையும் முழுதாக நம்ப வராது. தண்ணீர் வரவில்லை என்றால் மேலே எவனோ அடைத்துவிட்டான் என்று அர்த்தம். வந்துவிட்டாலும், ஏன் இன்றைக்கு மட்டும் விட்டான் என்று யோசிப்போம். என் மனைவி தலைமடைக்காரி, கும்பகோணத்துப் பக்கம். "உங்களுக்கு ரத்தத்துலயே சந்தேகம்" என்பாள்.

மஸ்கட்டில் ஒரு மாவு மில்லில் ஃபிட்டராக இருந்தேன். அங்கே பழக்கமான வியாபாரி ஒருவர்தான், ஹைட்டியில் ஒருத்தர் இந்திய மெஷின் வாங்கி ரைஸ் மில் போட்டிருக்கிறார், ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அனுப்பிவைத்தார். புத்தகம் வைத்துப் பிரெஞ்சு படித்துக்கொண்டு வந்து இறங்கினேன். வயலில் நின்றவர்களிடம் பிரெஞ்சில் வணக்கம் சொன்னால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். இங்கே ஊர் பேசுவது கிரியோல். பிரெஞ்சில் பேசுகிறவன் ஆபீஸ்காரன், வரி வாங்க வந்தவன். கிரியோல் கற்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. மகள் ரூபிக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் எங்களைப் 'ப்ளான்' என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் என்று அர்த்தம். வெளியிலிருந்து வந்த எவனும் அவர்களுக்கு வெள்ளைக்காரன்தான், என் நிறத்தில் இருந்தாலும்.

வந்த கொஞ்ச காலத்திலேயே வெளிநாட்டு அரிசி கப்பலில் வந்து குவிந்தது. இறக்குமதி வரியைக் குறைத்துவிட்டார்கள். குறைக்கச் சொன்னது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். இந்த வயல் அரிசியைவிட மூட்டை விலை குறைவு, பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும். மில்லுக்கு நெல் வரத்து குறைந்தது. இப்போது மில் வாரத்தில் பாதி நாள் ஓடினால் பெரிது. அதே வருடங்களில் ஊரில் என் தம்பி சாமுவேல் எங்கள் வயலை இறால் பண்ணைக்குக் கொடுத்துவிட்டு, "காலம் மாறிப்போச்சுண்ணே" என்று போனில் சொன்னான். இரண்டு பக்கமும் காலத்தை மாற்றியது ஒரே ஆள்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாது.

அதனால் இந்த வருடத்தோடு கிளம்பிவிடலாம் என்று இருந்தோம். ரூபிக்கு இருபத்திரண்டு வயது. சிதம்பரத்தில் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு பையனைச் சாமுவேல் பார்த்துவைத்திருக்கிறான். நல்ல குடும்பம், நம் சபைதான். ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும். ரூபி இங்கே பங்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். மிச்ச நேரமெல்லாம் வாய்க்கால் சங்கத்துக்குக் காரியதரிசி வேலை, சம்பளம் கிடையாது. மாப்பிள்ளை பேச்சை எடுத்தால் சரி என்றும் சொல்ல மாட்டாள், மாட்டேன் என்றும் சொல்ல மாட்டாள். எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். அவள் எங்களோடு வருவாளா?

3

கைப்பிடி விஷயம் இதுதான். ஊருக்கு மேலே வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு இரும்பு மதகு. அதை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி, கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். கைப்பிடி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் தண்ணீர். அது வரைக்கும் தலைமடைக்காரரான ஒரேல் வீட்டில் இருந்தது. இந்த முறை மழை சரியில்லை, அணையில் தண்ணீர் குறைவு. ஒரேல் ஆட்கள் ராத்திரியில் திறந்துகொள்கிறார்கள் என்று வில்னேர் ஆட்கள் சொன்னார்கள். கொடுத்தால் வில்னேர் பகலிலேயே திறந்துகொள்வார் என்று ஒரேல் ஆட்கள் சொன்னார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கும் என்பது என் கருத்து.

நாட்டில் அப்போது தேர்தலில் ஜெயித்து வந்த ஜனாதிபதி இல்லை. முந்தினவர் விமானம் ஏறிப் போய்விட்டார். தானாகப் போனாரா, தூக்கிக்கொண்டு போனார்களா என்று இன்றுவரை டீக்கடை டீக்கடையாகச் சண்டை. தேர்தல் தேதி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. தெருவில் பல நாட்டுச் சிப்பாய்கள் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள். புகார் சொல்ல ஒரு அதிகாரியும் இல்லாத நேரம். அதனால்தான் இரண்டு பக்கமும் பேசி, வில்னேரை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரிலும் இதுதான் வழக்கம். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வருடங்களில் மேலூர்க்காரனும் கீழூர்க்காரனும் ஒருத்தனை ஒருத்தன் நம்பாமல், லுத்தரன் கோயில் உபதேசியாரிடம் ஷட்டர் கைப்பிடியைக் கொடுத்துவைப்பார்கள். அவருக்கு அந்த வாய்க்காலில் ஒரு குழி நிலம்கூட இல்லை. நிலம் இல்லாதவனுக்குத் தண்ணீரில் ஆசை இருக்காது என்பது கணக்கு. அவரையும் நம்பாமல் என் அப்பா மதகுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துக் காவல் காப்பார் என்பது வேறு விஷயம்.

இங்கே நிலமில்லாத ஆள் நான். பெருமையாக இருந்தது. "சரி, வைங்க" என்றேன்.

ரூபி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வில்னேர் போனதும் வந்தாள்.

"வேணாம்ப்பா."

"ஏன்? நம்ம ஊர்ல உபதேசியார் வச்சிருந்தாரு. ஒரு வெட்டுக் குத்து வந்ததில்ல."

"அவரு அந்த ஊர்க்காரரு."

"யாரு சொன்னா? அவரு நாகர்கோவில்காரரு" என்றேன். உண்மையில் அவர் தரங்கம்பாடி. அந்த நேரத்தில் வாயில் அப்படி வந்துவிட்டது.

வில்னேர்தான் அவளுக்கு ஏதோ சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் கைப்பிடியை வைத்துக்கொள்ளச் சொன்னதே வில்னேர்தான். அந்த இடத்தில் என் சந்தேகம் நின்றுவிட்டது, மேலே போக வழியில்லை.

4

முதல் மாதம் நன்றாகப் போனது. தலைமடைக்கு மூன்று நாள், கடைமடைக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை மதகுக்கும் ஓய்வு. நானே போய்த் திறந்தேன், நானே போய் அடைத்தேன். வழியில் பார்க்கிறவர்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். ஒரேல் ஒரு கோழி கொடுத்தனுப்பினார். அதை எதற்காகக் கொடுத்தார் என்று யோசித்து, சாப்பிடாமல் வளர்க்கச் சொன்னேன். மதகை ரிப்பேர் செய்து தருவதாக ஒரு உதவி நிறுவனத்தின் இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். சங்கத்தைத் தேடவில்லை, நேராக என் வீட்டுக்கு வந்து என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். "இங்கே பொறுப்பு யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். காபி கொடுத்துக்கொண்டிருந்த ரூபி தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அதற்கப்புறம் தங்கும் பர்மிட்டைப் புதுப்பிக்கத் தலைநகரத்துக்குப் போக வேண்டி வந்தது. இது வருடா வருடம் நடக்கும் கூத்து. போட்டோ, ஸ்டாம்ப், அந்த ஜன்னலில் இருந்து இந்த ஜன்னல். அதிகாரி என் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன வேலை?"

"ரைஸ் மில்."

"மில் ஓடுதா?"

"சரியா ஓடலை."

"அப்புறம் எதுக்கு இங்க இருக்கீங்க?"

மதகுக் கைப்பிடி என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த ஆள் சந்தேகப்படுவது நியாயம்தான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். நாளைக்கு வா என்றார். நாளைக்கு என்பது ஒரு வாரம் ஆனது. நடுவில் தேர்தல் ஊர்வலம், சாலை மறியல், டயர் எரிப்பு, பஸ் இல்லை.

கிளம்பும்போது ஸ்டெல்லாவிடம் கைப்பிடியை யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லியிருந்தேன். மதகு அடைத்த நிலையில் இருந்தது. அடுத்து கடைமடை முறை.

நான் திரும்பி வந்தபோது வில்னேர் வயலில் நாற்றின் நுனி காய்ந்து மஞ்சளாகிவிட்டது. சேறு வெடித்திருந்தது. அந்த நிறத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவன்.

ஸ்டெல்லா அழுதுவிட்டாள். "ரூபி வந்து கேட்டா. குடுங்கம்மா, சங்கத்துல சொல்லிட்டுத் தெறந்துட்டு வந்துர்றேன்னு கெஞ்சினா. நீங்க சொன்னீங்களேன்னு நான் குடுக்கலை."

"வேற யாரும் வந்து கேக்கலையா?"

"யாருமே வரலைங்க. அதுதான் எனக்கே பயமா இருந்துச்சு."

நேராக வில்னேர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"ஏங்க நீங்க வந்து கைப்பிடிய வாங்கிக்கல?"

"நீங்க இல்லையேங்க. நீங்க வரட்டும்னு இருந்தோம்."

தன் வயல் காய்கிறது, மதகு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கைப்பிடி அடுத்த வீட்டில் இருக்கிறது. ஒரு பர்மிட்காரன் பஸ் பிடித்து வருவதற்காக ஒரு வாய்க்காலே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் ஊராக இருந்தால் உபதேசியார் வீட்டு ஓட்டைப் பிரித்து இறங்கியிருப்பார்கள்.

மறுநாள் சாப்பிடும்போது ரூபி சொன்னாள். "இந்த நாட்டுக்கு வந்தவங்க யாரும் நான் ஆளப்போறேன்னு சொல்லிட்டு வரலப்பா. நீங்க சண்ட போடுறீங்க, சாவி எங்கிட்ட இருக்கட்டும்னுதான் வந்தாங்க. போன நூற்றாண்டுல அப்படி வந்த ஒரு படை எத்தன வருஷம் இருந்துச்சுன்னு வில்னேர்கிட்ட கேளுங்க, பத்தொம்போது வருஷம்பாரு."

"நானும் அவங்களும் ஒண்ணாடி?"

"நீங்க நல்லவருப்பா. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

கோபத்தில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

5

கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று சங்கக் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூட மாமரத்தடியில் கூட்டம். தலைமடை ஒரு பக்கம், கடைமடை ஒரு பக்கம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் சின்ன மேஜை போட்டு ரூபி உட்கார்ந்திருந்தாள்.

என்னால் நாற்று காய்ந்தது, இனி இது என்னிடம் வேண்டாம் என்றேன். உடனே ஒரேல் எழுந்தார். ஒரு முறை தவறினால் என்ன, மனிதன் என்றால் வெளியூர் போக மாட்டானா என்றார். வயல் காய்ந்த வில்னேரும் அதையே சொன்னார். கைப்பிடியை என்னிடம் கொடுத்ததற்கு அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னது அது ஒன்றுதான். என்னிடமே இருக்கட்டும் என்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போனது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்.

ரூபி மட்டும் கையைத் தூக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிரியோலில் பேசினாள். அவள் அந்த மொழியில் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை. குரலே வேறாக இருந்தது.

"அவரு எங்க அப்பா. நியாயமாத்தான் தண்ணி விட்டாரு. கெட்டவரா இருந்தா நீங்களே பிடுங்கியிருப்பீங்க. நல்லவரா இருக்கறதால நாத்து காயற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் சந்தேகப்பட்டா ஒரு ப்ளான்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடறதா? நம்ம தண்ணி இது."

சொந்த அப்பனை ப்ளான் என்று சொல்லிவிட்டாள். காது சூடாகிவிட்டது. யாரோ ஒரு கிழவர் சிரித்தார், பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நான் கைப்பிடியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. என் புத்தி விடுமா? மில் மாடியில் ஏறி நின்றால் மாமரம் தெரியும். அங்கிருந்து பார்த்தேன். கத்தினார்கள். ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்தார்கள். இரண்டு முறை பாதிப் பேர் எழுந்து போய்த் திரும்பி வந்தார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் மேஜைமேல் இருந்ததை யாரும் தொடவில்லை. இது ஆகாது என்று இறங்கிவிட்டேன்.

6

ஆகியிருக்கிறது. மதகுக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் போட்டிருக்கிறார்கள். கைப்பிடி வில்னேர் வீட்டில். பூட்டின் சாவி ஒரேல் வீட்டில். ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் திறக்கவும் முடியாது, அடைக்கவும் முடியாது. ஒருத்தர் ஊரில் இல்லை என்றால் அவர் பக்கத்து ஆள் இன்னொருத்தர் வர வேண்டும். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்தேன், அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருடம் சந்தேகப்பட்டே வாழ்ந்த எனக்கு, சந்தேகத்தை வைத்து ஒரு காரியம் செய்யலாம் என்று தோன்றியதே இல்லை.

முதல் நாள் சொதப்பிவிட்டார்கள். யார் முதலில் கை வைப்பது என்ற தகராறில் நேரம் கழித்துத் திறந்து, அளவுக்கு மேல் ஏற்றி, ஒரேல் வயல் வரப்பு உடைந்துபோனது. ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு பக்கத்து ஆட்களும் வரப்பைக் கட்டினார்கள். நான் கூப்பிடாமல் போய் நின்றேன். ஒருத்தர் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். எங்கே வெட்டிப் போட வேண்டும் என்று வில்னேரின் மனைவி சொன்னார், போட்டேன். யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை.

விடியும்போது ரூபி முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தாள். ஸ்டெல்லா வெந்நீர் வைத்தாள். வில்னேர் நாற்று பிழைக்குமா என்று கேட்டேன். பாதி பிழைக்கும் என்றாள். அடுத்த முறை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் காலைக் கழுவிக்கொண்டே, "செவ்வாக்கிழம கூட்டம்ப்பா. அங்க பேசிப்போம்" என்றாள். அங்கே பேசுகிறவர்களில் நான் இல்லை. கோபம் வரவில்லை. மகள் கைவிட்டுப் போய்விட்டாள் என்று துக்கம்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் துக்கப்படவும் முடியவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை. சிதம்பரத்துப் பையனைப் பற்றி அவளிடம் மறுபடி நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமுவேலுக்குப் போன் போட்டேன்.

"ரூபி வரலடா. நானும் உங்க அண்ணியும்தான் வர்றோம். பையன் வீட்ல சொல்லிடு."

"ஏண்ணே? அங்க எவனையாவது பாத்துட்டாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப நல்ல வேலையா? சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் இல்ல. வாய்க்கா சங்கத்துல காரியதரிசி. அத விட்டுட்டு வர மாட்டா."

"எதையோ மறைக்கிறீங்கண்ணே" என்றான் சாமுவேல்.

மறைக்க ஒன்றுமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் நம்பவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.